வடக்குக் கடலில் மகள், தெற்குக் கடலில் அப்பா: ஒரு மாணவர் காட்சி ஏன் ஒட்டவில்லை

நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லக் கூடாது என்பதற்காக. விஸ்காம் இரண்டாம் ஆண்டுப் பாடத்துக்காக, ஆடி மாதத்தில், மண்டபம் கடற்கரையில் இரண்டு நிமிடக் காட்சி ஒன்று எடுத்திருக்கிறீர்கள். மணலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபண்ணிக்கொண்டிருக்கும் அப்பாவிடம், சென்னையில் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று மகள் சொல்கிறாள். ஏழு வசனம், அவ்வளவுதான். மகளின் ஷாட்டுகளைக் காலையில் வடக்குக் கடற்கரையில் எடுத்தீர்கள். அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டதால் அப்பாவின் ஷாட்டுகளை சாயங்காலம் தெற்குக் கடற்கரைக்குப் போய் எடுத்தீர்கள். இப்போது எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் வரிசையாக வைத்தால் எவ்வளவு கலர் சரிசெய்தும் காட்சி துள்ளுகிறது. உதட்டசைவு போகப்போக விலகுகிறது. ஆசிரியர் பார்த்துவிட்டு "உயிர் இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தப்பு எடிட்டிங்கிலா ஷூட்டிங்கிலா, மறுபடி எடுக்க வேண்டுமா, ஒரு டிரோன் ஷாட் சேர்த்தால் சரியாகுமா, படத்தோடு கொடுக்க வேண்டிய அனுபவக் குறிப்பில் என்ன எழுதுவது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: கையில் இருக்கும் இந்த ரஷ்ஷுக்குள், அதாவது வெட்டாத மூலப் பதிவுக்குள், ஒரு காட்சி இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் தேவிபட்டினம் பக்கம் பிறந்தவன். கடலைப் பார்த்து நின்றால் சூரியன் நேர் எதிரே உதிக்கிற ஊர். எடிட்டிங் மேஜையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதில் கடைசிப் பத்து வருடம் மாணவர் படங்களையும் உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன். உங்கள் ரஷ்ஷை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை மட்டும்தான் படித்தேன். அதனால் வெளிச்சம், சத்தம், சிங்க் (படமும் சத்தமும் ஒத்துப்போவது) பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன், அவை இடத்தையும் கருவியையும் பொறுத்தவை. நடிப்பைப் பற்றியும், எந்த டேக் நல்ல டேக் என்பதைப் பற்றியும் நான் சொல்வது ஊகம். அதை நீங்கள் ரஷ்ஷோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கலரை விட்டுவிடுங்கள். உங்கள் பிரச்சினை அங்கே இல்லை. மண்டபம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூக்கு மாதிரியான நிலம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்குக் கரையில் தரைப் பக்கம் நின்று கடலைப் பார்த்து கேமராவை வைத்தால், கிழக்கு உங்கள் வலக்கைப் பக்கம் வரும். காலை வெயில் வலமிருந்து அடிக்கும். தெற்குக் கரையில் அதே மாதிரி கடலைப் பார்த்து வைத்தால் மேற்குதான் வலக்கைப் பக்கம். ஆகவே சாயங்கால வெயிலும் வலமிருந்தே அடிக்கும். மகள் ஃபிரேமில் இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் பார்க்கிறாள், அப்பா வலப்பக்கம் இருந்து இடப்பக்கம் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வெயில் மகளின் முகத்தில் விழுந்திருக்கும், அப்பாவின் முதுகில் விழுந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும் இப்படித்தான் விழுந்திருக்கும்! உங்களுக்கே தெரியாமல் லுக்கும் (பார்வையின் திசை) சரியாக அமைந்திருக்கிறது, வெளிச்சத்தின் திசையும் சரியாக அமைந்திருக்கிறது. இதையே இரண்டு வேளையும் வடக்குக் கரையிலேயே எடுத்திருந்தால் சாயங்காலம் வெயில் இடப்பக்கம் தாவியிருக்கும். அதை எந்த டி.ஐ.யாலும் (கணினியில் செய்யும் கலர் வேலை) காப்பாற்ற முடியாது. மகளின் முகம் வெளிச்சத்திலும் அப்பாவின் முகம் நிழலிலும் இருப்பது காட்சிக்கும் பொருந்துகிறது. அதை "சமன்" செய்கிறேன் என்று அப்பாவின் முகத்தை வெளுக்க வைத்துவிடாதீர்கள். ஷாட்டுக்கு உள்ளேயே முகம் வெளுத்து இருண்டு போனால், அது ஃபோன் தானாக எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) மாற்றிக்கொண்டதால் வருவது. அடுத்த முறை இரண்டையும் லாக் செய்துவிட்டு எடுங்கள்.

அப்படியானால் துள்ளுவது எது? கடல்தான். எங்கள் பக்கம் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆடியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தெற்குக் கரையைப் போட்டு அறைந்துகொண்டிருக்கும். நடுவில் நிலம் மறைப்பதால் வடக்குக் கரையில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், அதுவும் காலையில். ஐப்பசியில் வாடை என்ற வடகிழக்குக் காற்று பிடித்தால் இது தலைகீழாகும். உங்கள் காட்சியில் மகள் பேசும்போது கடல் தூங்குகிறது. அடுத்த கட்டில் அப்பா பேசும்போது எழுந்து கத்துகிறது. மறுபடி மகள், மறுபடி தூக்கம். ஏழு வசனத்துக்கு இருபத்துநான்கு கட் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருபத்துநான்கு முறை கடல் மாறினால் யாருக்கும் துள்ளத்தான் செய்யும். பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாது. "ஏதோ ஒட்டலையே" என்பார்கள், நீங்களும் கலரைத் தேடிப் போவீர்கள். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. டைம்லைனில் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். முதலாவது ஓரளவு ஓடும், இரண்டாவது கட்டுக்குக் கட்டு உடையும். என் கணிப்பு அதுதான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே பட்டிருக்கிறேன். எடிட்டிங் தொடங்கிய புதிதில் தொண்டிப் பக்கம் எடுத்த ஒரு குறும்படத்தை வெட்டினேன். யாரும் அங்கே தனியாகக் கடல் சத்தம் பதிவு செய்யவில்லை. சென்னையில் என் கையில் இருந்த அலைச் சத்தம் ஒன்றை எடுத்து அடியில் ஓடவிட்டேன். பெரிய அலை, நல்ல கனமான சத்தம், கேட்க அழகாக இருந்தது. படத்தை ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் போட்டுக் காட்டினோம். பாதியில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "இது எந்த ஊருக் கடல்? நம்ம கடல் இப்படி அறையாதே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு அவர் படத்தை நம்பவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். பாக் விரிகுடாவில் தண்ணீர் அறையாது, படகின் அடிப்பலகையை நக்குகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம் வரும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அன்றிலிருந்து எந்தக் கரைக்குப் போனாலும், யாரையும் பேசவிடாமல் மூன்று நிமிடம் சும்மா பதிவு செய்துகொண்டுதான் வருகிறேன்.

உங்களுக்கு இப்போது என்ன வழி? சத்தம் இருக்கிற டிராக்கில் இருந்து சத்தத்தை எடுப்பது கஷ்டம், சத்தம் இல்லாத டிராக்கில் சத்தம் சேர்ப்பது சுலபம். ஆகவே தெற்குக் கரையின் கடலை ஒரே நீளமாக, வெட்டில்லாமல், காட்சி முழுக்க ஓடவிட்டு, அதன் மேல் மகளின் வசனங்களை வைத்தால் துள்ளல் பெருமளவு அடங்கும். ஆனால் மகளின் பின்னால் அசையாத தண்ணீர் தெளிவாகத் தெரிந்தால், காதில் கேட்கும் அலை கண்ணில் இருக்காது. ஃபிரேமை முகத்துக்கு நெருக்கமாக வெட்டி, தண்ணீர் தெரிவதைக் குறைத்துப் பாருங்கள். காற்று நேராக மைக்கில் அடித்த வசனங்களுக்கு இரண்டு நிலை உண்டு. கீழே "உர்ர்" என்று உருளும் சத்தம் மட்டும் என்றால், 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் நிறையப் போய்விடும். மைக்கே தாங்காமல் அலைவடிவத்தின் தலை தட்டையாகிவிட்டது என்றால், அந்த வசனத்தை மனதளவில் விட்டுவிடுங்கள். இப்போது சத்தம் நீக்குகிற மென்பொருள்கள் நிறைய வந்திருக்கின்றன. சில நேரம் ஆச்சரியமாக வேலை செய்கின்றன, சில நேரம் குரலைத் தகர டப்பாவுக்குள் போட்டுவிடுகின்றன. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். டப்பிங் செய்வதானால் ஸ்டுடியோ தேட வேண்டாம். அவரைக் காரில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, என்ஜினை அணைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். காருக்குள் எதிரொலி மிகவும் குறைவு, கடலுக்குப் பக்கத்தில் ஒட்டவைக்க ஏற்ற குரல் கிடைக்கும்.

உதட்டசைவு விஷயம் சீக்கிரம் முடியும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகுகிறது என்றால், நீங்கள் தனியாக ரெக்கார்டரில் பதிவு செய்து ஃபோன் படத்தோடு சேர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஃபோனில் 30 ஃபிரேம் என்று போட்டிருந்தாலும் அது ஒரே சீராக 30 ஓடாது, வெளிச்சத்தைப் பொறுத்தும் சூட்டைப் பொறுத்தும் ஏறி இறங்கும். எடிட்டிங் மென்பொருளோ சீராக ஓடும் என்று நம்பிக் கணக்குப் போடும். முதலில் எல்லா கிளிப்பையும் மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளே போதும். பிறகு சேர்த்தால் விலகுவது நின்றுவிடும். 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட், இரண்டு மூன்று ஃபிரேம் விலகினாலே பார்ப்பவருக்கு உறுத்த ஆரம்பிக்கும். அதனால் கண்ணளவில் இழுத்து ஒட்டாமல் கிளாப் சத்தத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். கிளாப் அடிக்கவில்லை என்றால் "ப", "ம" மாதிரி உதடு மூடித் திறக்கும் எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "அப்பா" என்று மகள் கூப்பிடுகிறாள் அல்லவா, அந்த "ப்பா" போதும்.

இதெல்லாம் சரியானாலும் "உயிர் இல்லை" என்ற வார்த்தை அப்படியே இருக்கும். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது, நடுவில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: "மெமரி போதாததால் அவரவர் வசனத்தை மட்டும் தனித்தனியாக எடுத்தோம்." மகள் பேசும்போது மகள் முகம். அப்பா பேசும்போது அப்பா முகம். வாய் திறக்கும்போது கேமரா ஓடியது, மூடியதும் நின்றது. ஆக, உங்கள் ரஷ்ஷில் இரண்டு பேர் பேசுகிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் ஆசிரியர் சொன்னதன் பொருள் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் கொடுத்த வசனத்தையே எடுத்துக்கொள்வோம். "அப்பா, சீட்டு கெடச்சிருச்சு." "எங்க?" "மெட்ராஸ்ல." பிறகு ஆஸ்டல் கட்டணம் பற்றி மூன்று வரி. கடைசியில் அப்பா, "சரித்தா, கட்டிருவோம்." நல்ல வசனம், ஒரு சொல்லும் கூடவில்லை. இந்தக் காட்சியில் நடப்பது எங்கே நடக்கிறது? "மெட்ராஸ்ல" என்ற சொல் அப்பாவின் காதில் விழுகிறதே, அங்கே. அதுவரை வலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஊசி ஒரு கண்ணியில் நிற்கலாம், நிற்காமல் இன்னும் வேகமாகவும் போகலாம். எது என்பது உங்கள் முடிவு. ஆனால் அதைப் பார்க்க விரும்பித்தான் நான் அந்தக் காட்சியைப் பார்க்கிறேன். நீங்கள் அந்த நொடியில் "மெட்ராஸ்ல" என்று சொல்லும் வாயைக் காட்டுகிறீர்கள். சொல்லும் வாயை நான் பார்க்க வேண்டியதில்லை, காதிலேயே கேட்டுவிட்டேன். அதேபோல "சரித்தா, கட்டிருவோம்" என்று அப்பா சொல்லும்போது நான் பார்க்க வேண்டியது மகளை. அவளுக்கு அது சந்தோஷமா, பயமா, அப்பா இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாரே என்ற ஏமாற்றமா? அந்த வயதில் வீட்டை விட்டுப் போகிறவர்களுக்கு மூன்றும் சேர்ந்துதான் வரும்.

எடுக்கவே இல்லையே, இப்போது எங்கே போவது என்று கேட்பீர்கள். இங்கேதான் எடிட்டர்கள் காலங்காலமாகத் தேடுகிற ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு டேக்கிலும் "ஆக்‌ஷன்" சொல்வதற்கு முன்னால் இருக்கும் சில நொடிகள், "கட்" சொன்ன பிறகு கேமரா நிற்கும் வரை இருக்கும் சில நொடிகள். என்ஜி (தேறாது என்று ஒதுக்கிய) டேக்குகளையும் அழிக்காமல் வைத்திருந்தால் அவற்றிலும் பாருங்கள். நடிக்காத முகம் அங்கே இருக்கும். உங்கள் நண்பரின் மாமாதான் அப்பாவாக நடித்தார், அவர் நிஜமாகவே விசைப்படகில் கடலுக்குப் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் "ரெடியா சார்?" என்று காத்திருக்கும் மூன்று நொடி, காட்சியில் மகளுக்கு அவர் பதில் சொல்லாமல் இருக்கும் மூன்று நொடியாக ஆகலாம்.

சில வருடம் முன்பு கீழக்கரையில் எடுத்த ஒரு மாணவர் படம் என்னிடம் வந்தது. மகனை ஊருக்கு அனுப்பிவிட்டு நிற்கும் தாய். எட்டு டேக் எடுத்திருந்தார்கள். எட்டிலும் அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்தபடி கண்ணைத் துடைத்தார். ஒன்றும் ஒட்டவில்லை. ஆறாவது டேக்கில் "கட்" சொன்ன பிறகு பையன் கேமராவை நிறுத்த மறந்திருந்தான். அந்த அம்மாள் உட்கார்ந்து எழுந்ததில் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணலை முந்தானையில் துடைத்தார், மகன் நின்றிருந்த இடத்தை ஒருமுறை பார்த்தார், மறுபடி கையைத் திருப்பிப் பார்த்து, இன்னும் ஒட்டியிருந்த மணலை விரலால் தட்டிவிட்டார். பதினோரு நொடி. "முடிந்ததா, வீட்டுக்குப் போகலாமா" என்றுதான் அவர் நினைத்திருப்பார். மகன் போன ஷாட்டுக்குப் பின்னால் அதை வைத்தோம். அறையில் இருந்த நான்கு பேரும் பேசவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: இப்படிக் கிடைத்ததைப் பயன்படுத்தினால், நடித்தவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். அந்த அம்மாளிடம் நாங்கள் காட்டினோம். அவர் சிரித்துவிட்டு, வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு உங்கள் பாடத்தில் ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் பெயர் வந்திருக்கும். ஒரே நடிகரின் சலனமில்லாத முகத்தை சூப், சவப்பெட்டி என்று வேறுவேறு ஷாட்டுகளோடு சேர்த்துக் காட்டினார், பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள் என்பது கதை. நூறு வருடத்துக்கு முந்தைய அந்தச் சோதனையின் பிலிம் இன்று கையில் இல்லை. எந்த ஷாட்டுகள், பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்ற விவரம் சொல்பவரைப் பொறுத்து மாறுகிறது. அதனால் அந்தக் கதையைக் குறிப்பில் ஆதாரம் மாதிரி எழுதாதீர்கள். ஆனால் முன்னால் வரும் ஷாட்தான் அடுத்த முகத்துக்கு அர்த்தம் கொடுக்கிறது என்பது மேஜையில் தினமும் பார்ப்பது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவின் சும்மா இருக்கும் முகத்தை "மெட்ராஸ்ல" என்ற சொல்லுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள், ஆஸ்டல் கட்டணத்துக்குப் பின்னாலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு அப்பா.

கட்டுகளையும் குறையுங்கள். இரண்டு நிமிடத்தில் இருபத்துநான்கு என்றால் சராசரியாக ஐந்து நொடிக்கு ஒரு கட். வேகம் என்று பார்த்தால் அது ஒன்றும் அதிகமில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டும் பேச்சு நிற்கிற இடத்தில், யார் பேசுகிறாரோ அவருக்குத் தாவுகிறது. கேரம் விளையாட்டில் காய் அடிக்கிற மாதிரி இரண்டாவது கட்டுக்குள் அது பழகிவிடும், அப்புறம் நான் எதையும் எதிர்பார்க்க மாட்டேன். பத்துப் பன்னிரண்டு கட் போதும் என்பது என் ஊகம். வசனம் தொடங்கிய பிறகு படம் மாறட்டும், அல்லது படம் மாறிய பிறகு வசனம் வரட்டும். வால்டர் மர்ச் என்ற எடிட்டர் ஒரு கட்டுக்கு ஆறு அளவுகோல் சொன்னார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வை போகும் திசைக்கு 7, கடைசி இரண்டான திரைத் தளத்துக்கும் இடத் தொடர்ச்சிக்கும் 5, 4. அவை அளந்து எடுத்த எண்கள் இல்லை, ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் எதை விடுவது என்பதற்கான வரிசை. நீங்கள் இரண்டு வாரமாகப் போராடிக்கொண்டிருப்பது கீழே இருக்கும் சின்ன எண்களோடு. அப்பா கேட்கிறார் என்று நான் நம்பிவிட்டால், அவர் பின்னால் அலை கொஞ்சம் உயர்ந்திருப்பதைக் கவனிக்கவே மாட்டேன்.

மறுபடி எடுக்க வேண்டுமா என்றால், முழுவதும் வேண்டாம். ஒரே ஒரு காலை பேட்ச் ஒர்க் (குறைகிற ஷாட்டுகளை மட்டும் எடுப்பது) போதும். அதுவும் ரஷ்ஷின் முன்னும் பின்னும் தேடி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று உறுதியான பிறகு. எடுப்பதானால் அப்பாவை மட்டும், இந்த முறை வடக்குக் கரையில், காலையில், வலப்பக்கம் உட்காரவைத்து எடுங்கள். வெயில் அதே திசையில் வரும், கடலும் ஒன்றாகிவிடும், நான் மேலே சத்தத்தைப் பற்றி எழுதியதில் பாதி தேவைப்படாது. மாமா விசைப்படகில் போகிறவர் என்பதால் அவருடைய நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலை கரை சேரும், கணக்குப்படி வெள்ளிக்கிழமை காலைதான் மனிதர் தூங்கி எழுந்து நிம்மதியாக இருப்பார். ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு வந்தவரைக் கேமரா முன்னால் உட்காரவைக்காதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது: படகுகள் போன நாளில் கரை வெறிச்சென்று இருக்கும், போகாத நாளில் நெருக்கியடித்து நிற்கும். மகளின் ஷாட்டில் பின்னால் என்ன படகு, என்ன நிறம் என்று ஒரு படம் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

டிரோன் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் கருவியோடு உங்களையும் உட்காரவைத்து விசாரிப்பார்கள். அனுமதியே கிடைத்தாலும், அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருக்கும் ஆறடி தூரத்தில் நடக்கிற காட்சியை நூறு அடி மேலே போய்ப் பார்த்து என்ன தெரியப்போகிறது? அந்த நேரத்துக்கு அவருடைய கைகளை எடுங்கள். ஊசி, நூல், கட்டை விரலில் நூல் அறுத்த பழைய தழும்பு. இரண்டு நிமிடம் நிறுத்தாமல் எடுங்கள், நடுவில் மகளின் வசனத்தை யாராவது பக்கத்தில் இருந்து சொல்லட்டும். மகளாக நடித்த பெண்ணே வந்து சொன்னால் இன்னும் நல்லது.

அனுபவக் குறிப்பைப் பற்றி. பெரும்பாலான மாணவர் குறிப்புகள் இரண்டு மாதிரி வரும். ஒன்று, "குழுவாகச் செயல்படுவதன் முக்கியத்துவத்தைக் கற்றோம்" வகை. இன்னொன்று, ஃபோன் சரியில்லை, காற்று அதிகம், நேரம் இல்லை என்ற குறைப் பட்டியல். இரண்டிலும் நீங்கள் இல்லை. உங்கள் டைம்லைனில் இருந்து மூன்று கட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன நடக்க வேண்டும் என்று விரும்பினீர்கள், கையில் என்ன இருந்தது, எதை வைத்தீர்கள், ஓட்டிப் பார்த்தபோது என்ன தெரிந்தது, அதன் வேர் கரையில் எடுத்த எந்த முடிவில் இருக்கிறது என்று பின்னோக்கிப் போங்கள். உதாரணமாக இப்படி: "ஐந்தாவது கட்டில் அப்பாவின் மௌனம் தேவைப்பட்டது. வசனம் முடிந்ததும் கேமராவை நிறுத்தியிருந்ததால் மௌனம் கையில் இல்லை. இரண்டாவது டேக்கின் தொடக்கத்தில் இருந்து 70 ஃபிரேம் எடுத்து வைத்தோம். அவர் கேமராவைத் தாண்டிப் பார்ப்பதால் லுக் சற்று மாறுகிறது, ஆனாலும் வைத்தோம், ஏனென்றால்..." அந்த "ஏனென்றால்"-க்குப் பின்னால் வருவதை நீங்கள்தான் எழுத முடியும். இரண்டு கடற்கரை விஷயத்தை மறைக்காமல் எழுதுங்கள். வெளிச்சம் பொருந்தியது தற்செயல் என்றே எழுதுங்கள், ஏன் பொருந்தியது என்பதை ஒரு சின்ன வரைபடம் போட்டுக் காட்டுங்கள். திருத்துகிறவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்திப் படிப்பார்.

நாள் தள்ளாதீர்கள். வாடை பிடித்துவிட்டால் வடக்குக் கரையில் இந்தக் குளத்துத் தண்ணீர் இருக்காது, மகளின் ஷாட்டோடு எதுவும் சேராது. புரட்டாசிக்குள் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து, விடிவதற்கு முன்பே கரையில் இருங்கள், எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில் ஏற ஏற முகத்தில் நிழல் பள்ளமாக விழும். மெமரியைக் காலி செய்துகொண்டு போங்கள். மாமா பேசி முடித்த பிறகு "கட்" சொல்லாமல் மனதுக்குள் இருபது எண்ணுங்கள்.

கிளம்பும் முன் மூன்று நிமிடம் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, அந்தக் கடலைப் பதிவு செய்துகொண்டு வாருங்கள்.